மதுரைக்குப் போனால் எந்த வீதியில் தங்குவது?

பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் எழுதினால் நீளமாகத்தான் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

போன வாரம் பெங்களூரிலிருந்து ஒரு பழைய மாணவன் போன் செய்தான். "டீச்சர், அம்மாவைக் கூட்டிக்கிட்டு மதுரைக்குப் போறேன். ரெண்டு ராத்திரி தங்கணும். போன்ல தேடினா நூறு லாட்ஜ் வருது. எந்தப் பக்கம் தங்குனா நல்லது?" என்று கேட்டான். நான் விஸ்வநாத நாயக்கரில் ஆரம்பித்தேன். "டீச்சர், ஆபீஸ்ல இருக்கேன், சுருக்கமா" என்றான். அன்றைக்கு அவனுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். விரிவானது இது.

முதலில் ஊரின் படத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் மீனாட்சி அம்மன் கோயில். கோயில் மதிலுக்கு உள்ளேயே இருப்பது ஆடி வீதி. மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி. அதைச் சுற்றி ஆவணி மூல வீதி. அதற்கும் வெளியே மாசி வீதி. கடைசியாக வெளி வீதி. ஒவ்வொன்றும் நான்கு பக்கமும் சதுரமாகச் சுற்றி வரும். அதனால்தான் மேல மாசி வீதி, கீழ மாசி வீதி, தெற்கு மாசி வீதி, வடக்கு மாசி வீதி என்று ஒரே பெயர் நான்கு தடவை வருகிறது. புதிதாக வருகிறவர்கள் குழம்புவதும் இங்கேதான். ஆட்டோவில் ஏறும்போது திசையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெளி வீதியைத் தவிர மற்றவற்றில் இருப்பவை தமிழ் மாதங்களின் பெயர்கள். அந்தந்த மாதத் திருவிழாவில் சாமி சுற்றி வந்த வீதிக்கு அந்த மாதத்தின் பெயர். ஆனால் இப்போது சித்திரைத் திருவிழாவின் தேர் ஓடுவது சித்திரை வீதியில் இல்லை, மாசி வீதியில். மாசியில் நடந்த திருக்கல்யாணத்தையும் தேரையும் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். திருவிழா மாறிவிட்டது, வீதியின் பெயர் மாறவில்லை.

இப்போது லாட்ஜ் விஷயத்துக்கு வருவோம். ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் எதிரே மேல வெளி வீதி. அதைத் தாண்டி டவுன் ஹால் ரோடு நேராகக் கோயிலை நோக்கிப் போகும். குறுக்கே மேல பெருமாள் மேஸ்திரி வீதி. வெளியூர்க்காரர்கள் தங்கும் லாட்ஜுகளில் பெரும்பாலானவை இந்தச் சுற்றில்தான் இருக்கின்றன. நீங்களும் பலர் அங்கே தங்கியிருப்பீர்கள். நீங்கள் படுத்துத் தூங்கிய இடத்தில் முன்பு என்ன இருந்தது தெரியுமா? கோட்டைச் சுவரும் அகழியும்.

16ஆம் நூற்றாண்டில் விஸ்வநாத நாயக்கர் மதுரையைச் சுற்றிப் பெரிய கோட்டை கட்டினார். 72 கொத்தளங்கள், கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் பொறுப்பு என்று சொல்வார்கள். முந்நூறு ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவாக அந்தக் கோட்டை நின்றது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஊர் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தது, அகழியில் தண்ணீர் தேங்கி நாறியது. 1830களின் கடைசியில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடிக்க முடிவு செய்தார். சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடத்திலேயே மனை என்று ஏற்பாடு. இடித்த மண்ணாலேயே பள்ளம் நிரம்பியது. அரசாங்கத்துக்கு அதிகச் செலவில்லாமல் புது வீதிகள் கிடைத்தன.

அந்த வேலையை மேற்பார்த்தவர் பெருமாள் மேஸ்திரி. நில அளவை செய்தவர் மாரட் என்ற ஆங்கிலேயர். மேற்கிலும் வடக்கிலும் பெருமாள் மேஸ்திரி வீதி, கிழக்கிலும் தெற்கிலும் மாரட் வீதி. ஊரைக் கட்டிய மன்னர்களுக்குக்கூடக் கிடைக்காத நீண்ட நினைவுச் சின்னம் ஒரு மேஸ்திரிக்குக் கிடைத்திருக்கிறது பாருங்கள். பிளாக்பர்னுக்குக் கிடைத்தது ஒரு விளக்குத் தூண். கீழ மாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் சேரும் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. விளக்குத்தூண் என்றால் மதுரையில் எல்லோருக்கும் தெரியும், அது யாருக்காக என்றால் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. கோட்டையின் மிச்சத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் பெரியார் பேருந்து நிலையத்தின் பக்கத்தில் மேலவாசல் பகுதி கொஞ்சம் இருக்கிறது.

1875இல் ரயில் வந்தது. அது வந்து நின்றது கோட்டை போன மேற்குப் பக்கத்தில். பிறகென்ன, பயணிகள் இறங்கும் இடத்தில் விடுதிகள் முளைத்தன. ஆக, இன்றைக்கு நீங்கள் செல்போனில் பார்க்கும் அந்த நூறு லாட்ஜுக்கும் காரணம் இரண்டு: இடித்த கோட்டை, வந்த ரயில்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1984. ஆசிரியர் பயிற்சி முடித்து எனக்கு வேலை கிடைத்த புதிது. மதுரையில் ஒரு பயிற்சி முகாமுக்கு நானும் உடன் வேலை பார்த்த இன்னொரு டீச்சரும் திண்டுக்கல்லில் ரயில் ஏறினோம். வண்டி தாமதம். மதுரையில் இறங்கும்போது இரவு பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. காலையில் ஒன்பது மணிக்கு முகாம். ரயிலடி பக்கத்தில் ஒரு லாட்ஜில் போய் அறை கேட்டோம். பெயர் வேண்டாம். மேசையில் இருந்தவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆம்பளைத் துணை யாரும் வரலையா?" என்றார். இல்லை என்றோம். "லேடீஸுக்குத் தனியா ரூம் குடுக்கிறதில்லைங்க" என்றார். கையிலிருந்த அரசு உத்தரவைக் காட்டினோம். அவர் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. அடுத்த இரண்டு இடங்களிலும் அதே பதில்தான். மூன்றாவது இடத்தில் உள்ளே உட்கார்ந்திருந்த ஒருவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது இன்னும் என் காதில் இருக்கிறது.

திரும்பி ஸ்டேஷனுக்கே வந்தோம். பெண்கள் காத்திருப்பு அறையைப் பார்த்துக்கொண்ட அம்மா, எங்கள் டிக்கெட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், "உக்காருங்க தாயி, விடியட்டும்" என்று விட்டுவிட்டார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். கூட வந்தவள் அழுதாள். நான் அழவில்லை, எனக்குக் கோபம்.

விடிந்து வெளியே வந்து காபி குடிக்கும்போதுதான் கவனித்தேன். ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே ராணி மங்கம்மாள் சத்திரம். 1689 முதல் 1706 வரை மதுரை நாட்டைப் பேரனுக்காக ஆண்டவர் மங்கம்மாள். வழிப்போக்கர்களுக்காகச் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தவர் என்று பெயர் வாங்கியவர். "மங்கம்மாளின் நற்பணிகள் யாவை?" என்று நான் ஐந்தாம் வகுப்புக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி கொடுத்தவள்தான். சாலைகள், சத்திரங்கள், குளங்கள் என்று எழுதினால் முழு மதிப்பெண். அந்தக் காலையில்தான் அது எனக்கு ஒரு பதிலாக இல்லாமல் ஒரு கட்டடமாகத் தெரிந்தது. நாடாண்ட ஒரு பெண் வழிப்போக்கருக்கு இடம் கொடுத்தாள் என்று பாடம் நடத்துகிற இரண்டு பெண்களுக்கு, அவள் பெயர் போட்ட கட்டடத்துக்கு எதிரே ஓர் அறை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு மங்கம்மாள் பாடம் வந்தால் நான் எப்படி நடத்தினேன் என்று உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். காரணம் இப்போது தெரிந்திருக்கும்.

ஊருக்குக் கடிதம் எழுதினேன். அப்பா படித்துவிட்டுச் சொன்னது: "ஆத்து மணல்ல படுத்திருக்க வேண்டியதுதானே?" அவர் கேலி செய்யவில்லை. வத்தலக்குண்டுப் பக்கத்து எங்கள் கிராமத்திலிருந்து சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் யாரும் மதுரையில் அறை எடுத்ததில்லை. வைகை மணல்தான் அவர்களுக்குப் பாய். வண்டியை அவிழ்த்துப் போட்டு, மூன்று கல் வைத்துப் பொங்கி, அங்கேயே படுத்து, அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவார்கள். பல தலைமுறைகளாக இந்த ஊருக்கு வந்தவர்களில் பெரும் பகுதி ஆற்றில் தங்கியவர்கள்தான்.

என் அப்பத்தாவும் அப்படித்தான் வந்தார். அழகரைப் பார்த்தார். கோபுரத்தை வெளியிலிருந்து கும்பிட்டார். உள்ளே போனதில்லை, போக முடியாது. எங்கள் ஆட்களுக்கு அந்தக் கோயில் 1939 ஜூலை 8ஆம் தேதிதான் திறந்தது. அன்றைக்கு வைத்தியநாத ஐயர் சிலரை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். பின்னாளில் அமைச்சரான கக்கன் அவர்களில் ஒருவர். காந்தியடிகளும் அதற்குப் பிறகு 1946இல்தான் இந்தக் கோயிலுக்குள் வந்தார். எல்லோரையும் விடாத கோயிலுக்குள் தானும் வருவதில்லை என்று இருந்தவர் அவர். அப்பத்தா 1939க்குப் பிறகும் இருந்தார். ஆனாலும் உள்ளே போகவில்லை. "பழகிப்போச்சு, இங்கேருந்தே தெரியுதுல்ல" என்பாராம். ஊரில் எங்கே தங்கலாம் என்று நாம் இன்றைக்குப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிறோம். அந்தப் பட்டியல் நேற்றுவரை எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சரி, இப்போது யார் எங்கே தங்கலாம் என்று சொல்கிறேன்.

வயதான பெற்றோரோடு கோயிலுக்காகவே போகிறவர்கள் சித்திரை வீதிக்கும் ஆவணி மூல வீதிக்கும் பக்கத்தில் பாருங்கள். அறை சின்னதாக இருக்கலாம், வாடகை கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். சித்திரை வீதியில் வண்டி விடுவதில்லை, அதனால் பெட்டியைத் தூக்கி நடக்க வேண்டியிருக்கும். ஆனால் ஒரு பெரிய லாபம் உண்டு. மதியம் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் அம்மா அறைக்கு வந்து காலை நீட்டிக்கொள்ளலாம். இரவில் பள்ளியறை பூஜைக்கு மறுபடி போகலாம். சொக்கநாதரின் திருவடியைப் பல்லக்கில் வைத்து மீனாட்சியின் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். தூரத்தில் தங்கியவர்கள் சாப்பாடு, ஆட்டோ என்று அதைத் தவறவிட்டுவிடுவார்கள். செல்போனைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள், அறையிலேயே வைத்துவிட்டுப் போகவும் அருகில் இருப்பது வசதி.

அதிகாலை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களுக்குப் பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன் ஹால் ரோடு. இரைச்சல் இருக்கும், உள்பக்க அறையாகக் கேளுங்கள். கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். போகும் வழியில் மேல மாசி வீதியைக் கொஞ்சம் பாருங்கள். 1921 செப்டம்பர் 22ஆம் தேதி காந்தியடிகள் சட்டையை விட்டு அரையாடைக்கு மாறியது அந்த வீதியில் அவர் தங்கியிருந்த வீட்டின் மாடியில்தான். கீழே இப்போது கதர்க் கடை. அவருக்கும் ஒரு ராத்திரி தங்கிய இடம்தான் அது. அந்த ராத்திரியோடு அவர் உடையே மாறிவிட்டது.

திருமலை நாயக்கர் மகால் பக்கம் தங்க ஆசைப்படுகிறவர்களுக்கு விடுதிகள் குறைவு. ஆனால் ஒரு காலை நேரத்தை அங்கே செலவழியுங்கள். நாம் பார்ப்பது மகாலின் ஒரு பகுதியைத்தான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்குக் கொண்டுபோனபோது மகாலின் பெரும் பகுதியைப் பிரித்து எடுத்துவிட்டார். மகாலிலிருந்து தள்ளி பத்துத் தூண் சந்து என்று ஒன்று இருக்கிறது. கடைகளுக்கு நடுவே பத்துப் பெரிய தூண்கள் கூரையில்லாமல் நிற்கும். அரண்மனை எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பது அங்கே நின்றால் புரியும். சுற்றிலும் தலைமுறை தலைமுறையாக நெசவு செய்த சௌராஷ்டிர மக்களின் தெருக்கள்.

சிறு பிள்ளைகளோடும் காரோடும் வருகிறவர்கள் ஆற்றுக்கு வடக்கே தல்லாகுளம், மாட்டுத்தாவணிப் பக்கம் தங்கலாம். கார் நிறுத்த இடம் கிடைக்கும். மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை அங்கேதான், இன்று காந்தி மியூசியம். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை பார்க்க வேண்டுமானாலும் தல்லாகுளம்தான் இடம். அந்த நாட்களுக்கு மாதக்கணக்கில் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

தனியாகப் போகும் என் மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. இப்போது அடையாள அட்டையைக் காட்டினால் அறை கிடைக்கிறது. போன வருஷம் நானே தனியாகப் போய் மேல ஆவணி மூல வீதிப் பக்கம் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தேன். மேசையில் ஒரு பெண்தான் இருந்தாள், என் மகள் வயது. "எத்தனை பேரும்மா?" என்றாள். "ஒருத்திதான்" என்றேன். தலையை நிமிர்த்தாமலே எழுதிக்கொண்டு சாவியைக் கொடுத்தாள். அதைக் கையில் வாங்கிக்கொண்டு நான் ஒரு நிமிஷம் அங்கேயே நின்றேன். "இன்னும் ஏதாச்சும் வேணுமாம்மா?" என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். ஜன்னலைத் திறந்தால் கோபுரம். அப்பத்தா பார்த்த அதே கோபுரம். மறுநாள் விடியற்காலையில் அவர் பெயரைச் சொல்லி உள்ளே ஓர் அர்ச்சனை செய்தேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மதுரைக்குப் போனால் எங்கே படுப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆற்று மணலா, சத்திரத் திண்ணையா, சொந்தக்காரர் வீட்டு முற்றமா? அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

பெங்களூர் மாணவனுக்கு: ஆவணி மூல வீதியில் போடு தம்பி. அம்மாவுக்குப் படி ஏற முடியாது, லிப்ட் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்