அட்டையும் ஆட்சியும்

கிள்ளான் நகருக்கும், முன்னாளில் போர்ட் சுவெட்டன்ஹாம் எனப் பெயர் பெற்றிருந்த துறைமுகத்திற்கும் இடையே அமைந்துள்ள ஊர் பண்டமாரான். தொழிற்கூடங்களும் கடைத்தெருக்களும் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கும் அவ்வூரின் ஒரு பகுதிக்குப் 'புதுக்கிராமம்' என்னும் பெயர் இன்றளவும் வழங்கி வருகிறது. எழுபது ஆண்டுகளைக் கடந்த பின்னும் ஒரு குடியிருப்பு 'புது' என்னும் அடைமொழியைச் சுமந்து நிற்பதற்குக் காரணம் உண்டு. அது மக்கள் தாமாகக் கூடி அமைத்த ஊர் அன்று. அரசாணையால் அமைந்த ஊர். மலாயாவின் அவசரகாலமும், அதன் முள்வேலியும், அதன் சட்டங்களும், அதன் அடையாள அட்டையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியுள்ளன.

ஆட்சியின் ஆற்றல் மூன்று வடிவங்களில் குடிகளை வந்தடைகிறது: அறிவியலாக, கருவியாக, சட்டமாக. மூன்றும் மக்கள் நன்மைக்கென்றே வருவதாகச் சொல்லப்படும். அவற்றை நம்பலாமா, ஐயுறலாமா என்பது நாடாளுவோர்க்கும் குடிகட்கும் இடையே என்றும் உள்ள வழக்கு. அவ்வழக்கில் கிள்ளான் வட்டாரம் அளிக்கும் சான்று ஆராயத்தக்கது.

கால்வாய் தந்த நம்பிக்கை

அரசின் அறிவியலை அவ்வட்டாரம் முதலில் கண்டது நன்மையின் வடிவில்தான். 1901-ஆம் ஆண்டு, சதுப்பு நிலத்தில் எழுந்த கிள்ளான் நகரும், அவ்வாண்டு திறக்கப்பட்ட புதிய துறைமுகமும் மலேரியாக் காய்ச்சலின் பிடியில் சிக்கின. துறைமுகத்தையே மூடிவிடலாமா என எண்ணும் அளவுக்கு நோய் முற்றியது. அரசு மருத்துவராக அங்கு வந்த மால்கம் வாட்சன், காய்ச்சலைக் கொசுவே பரப்புகிறது என இரானல்டு ராஸ் 1897-இல் இந்தியாவில் கண்டறிந்த உண்மையைத் துணைக்கொண்டு, சதுப்பை வடிக்கக் கால்வாய் வெட்டச் செய்தார். இவ்விரு இடங்களிலும் 1901-இல் காய்ச்சலால் மாண்டோர் 368 பேர். 1902-இல் அத்தொகை 59 ஆகக் குறைந்தது.

இவ்வறிவியலை ஐயுற எவர்க்கும் காரணம் இல்லை. வெட்டிய கால்வாய் எல்லார் கண்ணிலும் பட்டது. அதனால் விளைந்த பயன் வீடுதோறும் தெரிந்தது. செய்ததை மறைக்கவில்லை, செய்ததால் எவரையும் அடக்கவும் இல்லை. ஓர் அரசு நம்பிக்கையை எவ்வாறு ஈட்டலாம் என்பதற்கு அக்கால்வாய் நல்ல எடுத்துக்காட்டு.

பெயர் எழுதுவோரைக் கண்ட அச்சம்

அந்நம்பிக்கை நீடிக்கவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலி உயர்வோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும். மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி துரையைக் கண்டதும் இறங்கி நிற்கும் இழிவழக்கம் ஒழிய வேண்டும் என்றும் அவர்கள் கேட்டனர். அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார். மே மாதம் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் நீத்தனர். மனிதராய் மதிக்கப்பட விரும்பியோர்க்கு அரசு அளித்த மறுமொழி அதுவாக இருந்தது.

அடுத்து வந்தது ஜப்பானியர் ஆட்சி. தோட்டந்தோறும் ஆள் கணக்கெடுத்துப் பெயர் எழுதினர். எழுதப்பட்ட பெயர்கட்கு உரியோர் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு அனுப்பப்பட்டனர். பல்லாயிரவர் திரும்பவே இல்லை. தகப்பனின் பெயரை ஏட்டில் எழுதியபின் தகப்பனையே இழந்த குடும்பங்கள் தோட்டங்களில் மலிந்தன. எனவே ஏடும் எழுதுகோலுமாக வரும் அதிகாரியைக் கண்டு பாட்டாளி மக்கள் அஞ்சியது அறியாமை அன்று, பட்டறிவு.

அத்தகைய மக்களிடந்தான் 1948-இல் மீண்டும் பெயர் எழுத வந்தனர். அவ்வாண்டு ஜூன் 16-ஆம் நாள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் கொல்லப்பட்டனர். மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் ஆயுதப் போராட்டத்தை ஒடுக்க நாடெங்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன் விதிகளின் கீழ், பன்னிரண்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் பதிவு செய்துகொண்டு, நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டையை வைத்திருக்க வேண்டும் என்றாயிற்று.

கைநாட்டு என்பது தோட்ட மக்கட்குப் புதியதன்று. ஒப்பந்தத்திலும் கடன் சீட்டிலும் பதிந்து தேய்ந்த விரல் அது. இப்போது எழுத்தறிந்தவரும் அறியாதவரும் ஒருங்கே விரல் பதித்தனர். அட்டை இல்லாதவன் ஐயத்திற்குரியவன் என்றது அரசு. காட்டிலிருந்து வந்தோரோ அட்டைகளைப் பறித்துக் கிழித்தெறிந்தனர். அட்டையை வைத்திருந்தாலும் அச்சம், இல்லாவிட்டாலும் அச்சம். இரு துப்பாக்கிகட்கு இடையே நின்றனர் மக்கள்.

வேலிக்குள் விளைந்த ஊர்

1950-இல் மலாயாவின் இராணுவ நடவடிக்கை இயக்குநராக வந்த சர் ஹெரால்டு பிரிக்ஸ் ஒரு திட்டம் வகுத்தார். காட்டிலுள்ளோர்க்கு உணவும் மருந்தும் செய்தியும் மக்களிடமிருந்தே செல்கின்றன. ஆகவே மக்களைக் காட்டோரத்திலிருந்து பிரித்து ஓரிடத்தில் அடைத்துவிட்டால் போராளிகள் பட்டினியால் பணிவர் என்பது அதன் கருத்து. ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் சில ஆண்டுகளுக்குள் புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். அவ்வாறு அமைந்தவற்றுள் ஒன்றே பண்டமாரான் புதுக்கிராமம். அவற்றில் குடியேற்றப்பட்டோர் பெரும்பாலும் சீனர். தோட்டத் தமிழர் வேறு ஊருக்குப் பெயர்க்கப்படாவிடினும், சிதறியிருந்த லயங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டு அவர்களைச் சுற்றியும் வேலி எழுந்தது.

கருவிகளின் முழு ஆற்றலும் அங்கு வெளிப்பட்டது. சுற்றிலும் முள்வேலி, இரவில் விளக்கு, வாயிலில் காவல். பால்மரம் சீவச் செல்வோர் விடியலில் வரிசையில் நின்று சோதனைக்கு உட்பட்டனர். உணவுக் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட இடங்களில் ஒரு பிடி சோற்றையும் வெளியே கொண்டு செல்லலாகாது. டின்னில் அடைத்த உணவைப் பதுக்கி வைக்க இயலாதவாறு, விற்கும்போதே டின்னில் துளையிட்டனர். ஒலிபெருக்கி பொருத்திய விமானங்கள் காட்டின்மேல் பறந்து, சரணடையுமாறு கூவின. பயிரையும் புதரையும் கருக்கும் வேதிமருந்துகள் தெளிக்கப்பட்டன. சதுப்பை வடித்து உயிர் காத்த அறிவியலின் உடன்பிறப்பே பயிரைக் கருக்கிப் பட்டினி விளைவிக்கவும் பயன்பட்டது. அறிவியல் தானாக நல்லதும் அன்று, தீயதும் அன்று. ஏவுவோரின் நோக்கமே அதன் குணம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நடுநிலையாகச் சொல்லுமிடத்து, மறுபுறமும் கூறத்தகும். காட்டிலிருந்தோர் கையில் உயிரிழந்த தொழிலாளரும் உளர். புதுக்கிராமங்கள் சிலவற்றில் பள்ளியும் மருந்தகமும் குழாய்நீரும் வந்தன. ஆயினும் கேளாமல் கொடுக்கப்பட்ட குழாய்நீர், கேளாமல் பறிக்கப்பட்ட நிலத்திற்கும் நடமாட்டத்திற்கும் ஈடாகுமா என்பதை அங்கு வாழ்ந்தோரிடம் எவரும் வினவவில்லை.

சட்டம் வளைந்த காலம்

கருவியைவிடக் கூரியது சட்டம். அவசரகால விதிகளின் கீழ் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டோர் 30,000-க்கும் மேற்பட்டோர். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை. தஞ்சை மண்ணில் பிறந்து, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய எஸ். ஏ. கணபதி, அக்குற்றத்திற்காகவே 1949-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தண்டனையைக் குறைக்குமாறு இந்திய அரசு விடுத்த வேண்டுகோளும் பயன் தரவில்லை.

இதனினும் நெஞ்சை உறுத்துவது பத்தாங்காலி நிகழ்ச்சி. சிலாங்கூர் மாநிலத்தின் அவ்விடத்துத் தோட்டமொன்றில் 1948 டிசம்பரில் ஆயுதமற்ற தொழிலாளர் 24 பேர் பிரித்தானியப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். தப்பியோட முயன்றபோது சுடப்பட்டனர் எனப்பட்டது. அடுத்த மாதமே, தப்பியோடுவோரைச் சுடுவதற்கு இசைவளிக்கும் புதிய விதியொன்று பிறந்தது. விதி பிறக்கும் முன்னர் நிகழ்ந்த செயல்களுக்கும் அது பொருந்தும் என எழுதிவைத்தனர். செயல் முந்தியது, சட்டம் பிந்தியது. முறையான விசாரணை வேண்டி உறவினர் தொடுத்த வழக்கு, 2015-ஆம் ஆண்டில் பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தில் தோல்வியில் முடிந்தது.

ஒரே அரசு, இரு நீதி

அதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கை ஒப்புநோக்குதல் தகும். 1939-இல் போரை முன்னிட்டு அந்நாட்டு மக்களுக்கும் அடையாள அட்டை வழங்கப்பட்டது. போர் முடிந்து ஐந்தாண்டுகள் கடந்தும் அட்டை ஒழியவில்லை. 1950 டிசம்பரில் இலண்டனில் காரோட்டிச் சென்ற கிளாரன்ஸ் வில்காக் என்பாரைக் காவலர் நிறுத்தி அட்டையைக் கேட்டபோது அவர் காட்ட மறுத்தார். வழக்கில் அவர் தோற்றார். ஆயினும், போருக்கென வந்த சட்டத்தைப் போர் முடிந்தபின் அன்றாடக் காவல் பணிக்குப் பயன்படுத்துவதைத் தலைமை நீதிபதி காடார்டு பிரபு வன்மையாகக் கண்டித்தார். 1952 பிப்ரவரியில் அங்கு அட்டை ஒழிக்கப்பட்டது.

அதே பிப்ரவரித் திங்களில்தான் மலாயாவின் புதிய உயர் ஆணையராக ஜெரால்டு டெம்பிளர் வந்திறங்கினார். அடுத்த திங்களில், தாக்குதல் நடத்தியோர் பற்றித் துப்புத் தரவில்லை எனத் தஞ்சோங் மாலிம் மக்கள்மீது நாள்தோறும் 22 மணிநேர ஊரடங்கு விதித்து, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். இலண்டன் குடிமகன் அட்டையைக் காட்ட மறுத்துச் சட்டத்தையே மாற்ற முடிந்தது. பண்டமாரான் வேலிக்குள் நின்றவன் அவ்வாறு மறுத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? வேறுபாடு அட்டையில் இல்லை. அட்டையைக் கேட்பவனைத் திரும்பக் கேட்கும் உரிமையில் இருந்தது.

நிறம் மாறிய அட்டை

1957-இல் நாடு விடுதலை பெற்றது. 1960 ஜூலை 31-ஆம் நாள் அவசரகாலம் முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேலிகள் அகன்றன, விசாரணையற்ற காவல் அகலவில்லை. அட்டையும் அகலவில்லை, அவ்வாண்டிலேயே புதிய வடிவம் பெற்றது. குடிமக்கட்கு நீலம், நிரந்தரவாசிகட்குச் சிவப்பு என நிறமும் பெற்றது.

வரலாற்றின் விந்தையான திருப்பம் இங்கேதான் நேர்ந்தது. முன்னர் அட்டையைப் பெற அஞ்சியவர்கள், இப்போது தகுந்த அட்டை இல்லாமல் அழிந்தனர். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வாய்ப்பிருந்தும், படிவத்தைக் கண்டு அஞ்சியோர் உளர், வழியறியாதோர் உளர், என்றேனும் ஊர் திரும்புவோம் என்றிருந்தோரும் உளர். 1968-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடிமக்களல்லாதோர் வேலை செய்ய உரிமம் பெற வேண்டும் என்றது. 1969-க்குப் பின் அது கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டபோது, பால்வெட்டிலேயே முதுகு வளைந்த தமிழர் திடுமென அயலார் ஆயினர். அறுபதாயிரம் பேரளவில் இந்தியாவிற்குக் கப்பலேறினர் என்பர். எஞ்சியோரிற் பலர் சிவப்பு அட்டையுடனும், அதுவும் இன்றியும் வாழ்ந்தனர். 2011-ஆம் ஆண்டிலும், பதிவற்ற இந்தியரைப் பதிய 'மைடஃப்தார்' என்னும் தனி இயக்கம் நடத்த வேண்டியிருந்தது.

ஆகவே, அரசை ஐயுறுவது என்பது அரசின் ஏட்டைவிட்டு விலகி நிற்பதன்று. விலகி நின்றவரை ஏடு மன்னிக்கவில்லை. ஏட்டில் இடம் பெற்று, அதனைக் கேள்வி கேட்கும் உரிமையையும் பெறுவதே அறிவுடைமை.

திரும்பாத கடன்

நெருக்கடி காலத்தில் அரசு கடனாகப் பெறும் அதிகாரத்தை அது தானாகத் திருப்பித் தந்ததில்லை. 1969-ஆம் ஆண்டின் அவசரகாலப் பிரகடனம் 2011-இல்தான் நீக்கப்பட்டது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் நிலைத்திருந்து 2012 ஜூலை 31-இல் மறைந்தது. அதற்கு முன், 2007 டிசம்பரில் 'இண்ட்ராப்' தலைவர்கள் ஐவர் அச்சட்டத்தின்கீழ்க் கமுந்திங் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டனர். அவருள் ஒருவரான எம். மனோகரனை, 2008 மார்ச்சுத் தேர்தலில் கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா தொகுதி மக்கள் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுத்தனர். சிறையிலிருந்தவர்க்கு வாக்களித்ததன் வாயிலாக, விசாரணையற்ற காவலைப் பற்றிய தம் கருத்தை அவ்வட்டாரத்தார் வாய் திறவாமலே தெரிவித்தனர் எனலாம்.

காகித அட்டை நெகிழிக்குள் புகுந்தது. 2001-இல் 'மைகாட்' ஆகி, விரல் ரேகையைச் சில்லுக்குள் ஏந்தியது. இன்று வங்கிக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அதுவே திறவுகோல். ஆனால் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கூட்டரசையும் மாநில அரசுகளையும் தான் கட்டுப்படுத்தாது எனத் தானே கூறுகிறது. வணிகன் வைத்திருக்கும் குறிப்புக்குக் காவல் உண்டு. அரசு வைத்திருக்கும் குறிப்புக்கு அச்சட்டத்தில் காவல் இல்லை. முள்வேலியைக் கண்ணால் காண முடிந்தது. இவ்வேலியைக் காண இயலாது என்பதே வேறுபாடு.

வள்ளுவர் செங்கோன்மையைப் பாடியவுடன் கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஒரே கோல்தான் நேராகவும் நிற்கும், வளையவும் செய்யும் என்பதை அவ்வைப்புமுறை உணர்த்துகிறது. எந்த அறிவியலும் கருவியும் சட்டமும் வரும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: இது வெளிப்படையாக நடக்கிறதா? பாதிக்கப்பட்டவன் மறுத்துப் பேச இடமுண்டா? என்று முடியும் என்பதற்கு ஒரு நாள் குறிக்கப்பட்டுள்ளதா? கிள்ளானின் கால்வாய் முதல் வினாவுக்கே விடையாய் நின்றது. பண்டமாரானின் வேலி மூன்றுக்கும் விடையளிக்கவில்லை. பன்னிரண்டு வயதில் அட்டை பெறச் செல்லும் இன்றைய மாணவர்க்கு, அவ்வட்டையின் எண்ணோடு அதன் வரலாற்றையும் கற்பித்தல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடமையாகும்.