ஆன்ம இசையும் மின்னிசைக் கருவியும்: ஒரு பாடலின் வரலாறு

உணர்ச்சி மிக்க பாடலொன்றை மின்னிசைக் கருவிகளால் நடனப் பாடலாக மாற்றும்போது அதன் உயிர் அழிந்துவிடுகின்றது என்பர். 'ரெயின்ரட் லவ்' (கறைபட்ட காதல்) என்னும் பாடலின் வரலாறு இக்கூற்றுக்கு இடந்தரவில்லை.

எட் கொப் இயற்றிய அப்பாடலைப் பாடியவர் அமெரிக்கக் கறுப்பினப் பாடகி குளோரியா ஜோன்ஸ். 1965இல் வெளிவந்த இசைத்தட்டொன்றின் மறுபக்கத்திலேயே அதற்கு இடம் கிடைத்தது. தட்டும் விலைபோகவில்லை. அதனை மறதியிலிருந்து மீட்டோர் வட இங்கிலாந்தின் தொழில் நகரங்களைச் சேர்ந்த இளைஞர்களாவர். வார நாட்களில் உழைத்த அவர்கள், 'விகன் கசினோ' போன்ற மண்டபங்களில் விடிய விடிய ஆடினர். 'சோல்' எனப்படும் ஆன்ம இசையில், புகழ் பெற்ற பாடல்களை அவர்கள் நாடவில்லை. அமெரிக்காவில் எவரும் வாங்காது கிடந்த, வேகமான தட்டுகளையே தேடினர். 1973இல் அங்கு சென்ற ரிச்சட் சேர்லிங் என்னும் தட்டிசைப்பாளர் இத்தட்டின் பிரதியொன்றை வாங்கிவந்தார். எனவே, மின்னிசை தீண்டுமுன்னரே அது நடனப் பாடலாகிவிட்டது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

1981இல் 'சொஃப்ட் செல்' என்ற இருவர் குழு இதனைக் கையேற்றது. லீட்ஸில் கலை பயின்ற மார்க் ஆமண்ட், டேவிட் போல் ஆகியோரே அவ்விருவர். பிளாக்பூலில் வளர்ந்த போல் அந்நடன மரபை நன்கறிந்தவர். ஊதுவாத்தியம், கித்தார், முரசு யாவும் நீங்கின. சிந்தசைசரும் தாள இயந்திரமும் அவற்றினிடத்தைப் பெற்றன. ஆயினும் அவர்கள் வேகத்தைக் கூட்டவில்லை, குறைத்தனர். சுருதியையும் இறக்கினர். ஜோன்ஸின் குரலில் சினத்துடன் வெளியேறும் பெண்ணொருத்தியைக் கேட்கின்றோம். ஆமண்டின் குரலிலோ விலகவும் இயலாது, தங்கவும் இயலாது தவிப்பவன் ஒருவன். பின்னணியில் இயந்திரம் சலனமின்றித் துடிப்பதனாலேயே அத்தவிப்பு மேலெழுகின்றது என்பது என் கருத்து. எதிர்க்கருத்துடையோர் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

அப்பதிப்பு பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது; அமெரிக்கப் பட்டியலில் 43 வாரங்கள் நின்றது. ஆனால், தட்டின் மறுபக்கத்திலும் பிறர் இயற்றிய பாடலே இருந்தமையால் ஆக்கவுரிமைப் பணத்தில் அவ்விருவருக்கும் பங்கில்லாது போயிற்று. அது பாடலை இயற்றியோரையே சேர்ந்தது. ஜோன்ஸும் அப்பாடலை இயற்றியவரல்லர். விகன் மண்டபத்தில் கிட்டிய புகழை நம்பி 1976இல் அவர் அதனை மீண்டும் பாடி வெளியிட்டார். அத்தட்டு பட்டியலில் இடம்பெறவேயில்லை.