போகு: ஒரு ‘நான்’ பாலைச் சொல்லுமா?

ஜப்பானியத்தில் ‘நான்’ பல. அவற்றில் ஒன்று ‘போகு’. அதைக் குறிக்கும் சீன எழுத்தின் முதற்பொருள் வேலைக்காரன். நம் ‘அடியேன்’ போலப் பணிவில் பிறந்த சொல். மெய்ஜி காலத்தில் (1868–1912) மாணவர்களிடம் பரவி, நாளடைவில் பையன்களின் ‘நான்’ ஆகிவிட்டது. பணிவு தேய, ஆண்வாடை மட்டும் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் மாங்கா எனும் ஜப்பானியப் படக்கதையில் ஒரு பாத்திரம் ‘போகு’ என்றதும், அது ஆண் என்று வாசகர் முடிவுகட்டுகிறார். அவசர முடிவு அது. ‘செய்லர் மூன்’ கதையின் ஹாருகா தெனோ கால்சட்டை அணிகிறாள், பந்தயக் கார் ஓட்டுகிறாள், ‘போகு’ என்கிறாள். ஆனாலும் பெண், மிச்சிரு என்ற பெண்ணின் காதலி. பழைய ஆங்கில டப்பிங் இருவரையும் ஒன்றுவிட்ட சகோதரிகளாக்கியது கேலிக்கூத்து.

ஜப்பானியக் காதுக்கு அது ஆண்சொல்தானே என்று கேட்கலாம். உண்மைதான்; அந்த வாடை இருப்பதால்தான் ஒரு பெண் அதை எடுத்தாளும்போது கூர்மை பிறக்கிறது. ஆனால் ஜப்பானியப் பெண் பாடகர் குழுக்கள் பாடும் காதல் பாடல்களிலும் ‘போகு’ தாராளமாக வருகிறது. அங்கே யாரும் பாடகியின் பாலை ஐயுறுவதில்லை. ஆகவே ‘போகு’ ஒரு தோரணை. பிறப்புச் சான்றிதழ் அல்ல. பேசுபவர் யாரைக் காதலிக்கிறார் என்பதையோ அது சொல்வதே இல்லை. அதைக் கதையின் நிகழ்வுகளில்தான் தேட வேண்டும். தமிழில் ‘நான்’ பால் காட்டாது, ‘அவன்’, ‘அவள்’ காட்டிவிடும். மூலம் பாலை மறைத்து வைத்திருந்தால், மொழிபெயர்ப்பாளர்களே, ‘அவர்’ என்றே எழுதுங்கள்.