தென்னிந்திய வாளும் கைப்பிடி வேலைப்பாடும்

தென்னிந்திய வாள் என்பது அலகு, கைப்பிடி, உறை ஆகியவற்றைத் தனித்தனியே செய்து சேர்த்த ஆயுதம். அலகு கொல்லர் கையிலும், கைப்பிடி அணிவேலைக்காரர் கையிலும் உருவாகும். அலகு பழையதாகவும் கைப்பிடி புதியதாகவும் இருப்பது சாதாரணம் என்பதால், இரண்டின் காலத்தையும் தனித்தனியாகவே கணிக்க வேண்டும்.

இரும்பும் உருக்கும்

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் வட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 எனக் கரிமக் கணிப்பு காட்டியது. 2022 மே மாதம் தமிழக சட்டப்பேரவையில் இது அறிவிக்கப்பட்டது. மேட்டூரை அடுத்த தெலுங்கனூரில் ஈமக்குழியிலிருந்து கிடைத்த வாள், உயர்கரிம எஃகால் ஆனது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடும் இரும்பு வாள்கள் கிடைத்துள்ளன.

பின்னாளில் சேலம் பகுதி உருக்குக்குப் பெயர் பெற்றது. தேனிரும்புத் துண்டுகளோடு ஆவாரம் விறகையும் இலைகளையும் களிமண் மூசையில் இட்டு, வாயைப் பூசி மூடி, துருத்தியால் ஊதிக் காய்ச்சுவார்கள். கரி இரும்பில் ஏறி, கடினமான சிறு கட்டி கிடைக்கும். இந்தக் கட்டிகள் மேற்காசியாவுக்கு ஏற்றுமதியாகி, அலையலையான வரியோடிய அலகுகளாக அடிக்கப்பட்டன. லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1819இல் இந்த உருக்கைப் பகுத்தாய்ந்தார்.

நடுகல்லில் வாள்

ஊத்தங்கரை வட்டத்துச் சிங்காரப்பேட்டையிலிருந்து கிழக்கே மலைகளுக்கு ஊடாகச் செங்கத்துக்கு ஒரு கணவாய் வழி உண்டு. இந்த வழியின் இருபுறமும் உள்ள செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் இறந்த வீரர்களுக்குப் பல்லவர் காலம் முதல் நடுகற்கள் நிறுத்தப்பட்டன. அவற்றில் வீரன் வில்லோடும் குறுவாளோடும் நிற்பான். செங்கம் நடுகற்கள் 1972இல் இரா. நாகசாமியின் பதிப்பாக வெளிவந்தன. கைப்பிடியின் பழைய வடிவங்களை அறிய, எஞ்சிய ஆயுதங்களைவிடச் சிற்பங்களே பல இடங்களில் துணை செய்கின்றன.

கைப்பிடி

தென்னிந்தியக் கைப்பிடி பெரும்பாலும் உள்ளீடற்ற உலோகக் கூடு. அலகின் காம்பை அதனுள் நுழைத்து, சூடாக்கிய அரக்குக் கலவையை ஊற்றி இறுக்குவார்கள். மீண்டும் சூடுகாட்டினால் அரக்கு இளகும். அலகைக் கழற்றி வேறு கைப்பிடியில் பொருத்தலாம். அலகு தேய்ந்தாலோ உடைந்தாலோ கைப்பிடி வீணாவதில்லை. நல்ல அலகு பல தலைமுறைக்குப் புதுப்பிடி ஏற்றுக் கைமாறியது.

நாயக்கர் காலத் தஞ்சை வாள்களில் விரல்களை மறைக்கும் அகன்ற கைக்காப்பு இருக்கும்; யாளி முகமும் செதுக்கப்பட்டிருக்கும். அந்தக் கைப்பிடிகளில் பல, ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த அலகுகளைத் தாங்கியவை. தக்காணத்தின் வழியாக வட்டத் தட்டுக் குமிழ் கொண்ட பிடி பரவியது. இரும்பில் குறுக்கும் நெடுக்குமாக நுண்கோடு கீறி, பொன் கம்பியை வைத்துத் தட்டிப் பதிக்கும் கோஃப்த்காரி வேலை இதற்கு அழகூட்டியது.

ஜப்பானில் அலகு வேலைக்கும் கைப்பிடி வேலைக்கும் இடையிலான இந்தப் பிரிவினை இன்னும் தெளிவானது. சாமுராய் வாளின் கைப்பிடியை ஒரு மூங்கில் ஆப்புதான் பிடித்து நிறுத்தும். அதைத் தட்டி எடுத்தால், காம்பில் கொல்லர் பொறித்த பெயர் தெரியும். கையைக் காக்கும் ட்சுபா என்னும் தகட்டையும் மற்ற அணிகலன்களையும் செய்வது தனித்தொழில். கோட்டோ குடும்பம் பல தலைமுறைகள் இதில் புகழ்பெற்றிருந்தது. தென்னிந்திய அலகுகளில் பெரும்பாலானவற்றில் கொல்லர் பெயர் இல்லை. அதனால் இங்கே கைப்பிடியின் வேலைப்பாடே ஊரையும் காலத்தையும் காட்டும் முதற்சான்று.

மைசூர்க் காலம்

செங்கம் கணவாயை அடுத்து 1767 செப்டம்பர் 3 அன்று ஹைதர் அலியும் நிஜாமும் ஆங்கிலேயக் கர்னல் ஸ்மித்தின் படையோடு மோதினர். கணவாய்க்கு மேற்கே பாராமகால் எனப்பட்ட பகுதி 1792 உடன்படிக்கையில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. திப்பு சுல்தானின் ஆயுதங்களில் புலித்தலையும் புலிக்கோடும் அரச முத்திரையாயின. 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது அவை கொள்ளையாகவும் பரிசாகவும் சிதறின. அவரது படுக்கையறை வாள் ஜெனரல் டேவிட் பேர்டுக்கு அளிக்கப்பட்டது. அதன் அலகு ஜெர்மானிய மாதிரியைப் பின்பற்றியது. பிடியில் இறைவனின் பண்புகள் பொன்னெழுத்தில் பதிந்துள்ளன. 2023 மே மாதம் லண்டன் ஏலத்தில் ஏறத்தாழ 1.4 கோடி பவுண்டுக்கு அது விற்றது. முன்மதிப்பு 15 முதல் 20 லட்சம் பவுண்டுதான்.

ஆயுதக் களைவும் சேகரிப்பும்

பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பரில் ஆங்கிலேயர் தென்மாவட்டங்களில் ஆயுதம் வைத்திருக்கத் தடைவிதித்தனர். 1855இல் வாரிசின்றித் தஞ்சை மராத்திய அரசு முடிந்தபின், அரண்மனை ஆயுதச்சாலை கலைக்கப்பட்டது. பெரும்பகுதி உடைத்து உலோகமாக விற்கப்பட, தெரிந்தெடுத்தவை சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. ஜப்பானில் 1876இல் பொதுவெளியில் வாள் அணிவதற்குத் தடை வந்தது. இந்தியாவில் 1878 ஆயுதச் சட்டம் உரிமம் கேட்டது. ஜப்பானில் வேலையிழந்த அணிவேலைக்காரர்கள் ஏற்றுமதி அலங்காரப் பொருள்களுக்கு மாறினர்.

இன்று நூறாண்டு கடந்த வாள், 1972 தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள்; தனியார் அதை நாட்டுக்கு வெளியே ஏற்றுமதி செய்ய முடியாது. அலகும் பிடியும் வேறு வேறு காலத்தவை என்பதால் ஒரு வாளைப் போலி என்று தள்ள வேண்டியதில்லை. பழைய பிடியில் அண்மையில் ஏற்றிய அலகா, ஆயுதம் புழங்கிய நாளிலேயே மாற்றிய அலகா என்பதே மதிப்பீட்டாளர் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி.