வழங்கி அணைந்த பின்: மறைந்த இணைய விளையாட்டுகளும் பெங்களூரின் ஆவணக் குறையும்

அச்சு வரலாற்றை ஆராய்வோர்க்கு ஓர் ஆறுதல் உண்டு. நூலின் ஒரு படி அழிந்தாலும் மற்றொரு படி எவர் வீட்டுப் பரணிலேனும் கிடைக்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய சேகரத்தைக் கொண்டு 1994இல் சென்னையில் ஓர் ஆய்வு நூலகமே எழுந்தது. இணைய விளையாட்டுக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. விளையாடுபவரிடம் இருப்பது அதன் பாதி மட்டுமே. மறுபாதி, அதாவது விதிகளும் கணக்குகளும் நினைவும், நிறுவனத்தின் வழங்கியில் கிடக்கிறது. வழங்கி அணைந்தால் உலகெங்கும் உள்ள எல்லாப் படிகளும் ஒரே நொடியில் ஊமையாகிவிடும்.

இதில் பெங்களூருக்கு நேரடித் தொடர்பு உண்டு. ஃபார்ம்வில் விளையாட்டை 2009இல் வெளியிட்ட ஸிங்கா நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் கிளையை 2010இல் இந்நகரில்தான் திறந்தது. அவ்வாண்டின் உச்சத்தில் ஒரு மாதத்தில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்டோர் அந்தக் கற்பனை வயலில் உழுது விதைத்தனர். அது ஃபிளாஷ் நுட்பத்தில் இயங்கியது. ஃபிளாஷுக்கான ஆதரவு முடிந்த 2020 டிசம்பர் 31 அன்றே வயலும் மூடப்பட்டது.

ஸிங்காவின் இன்னொரு விளையாட்டான எம்பயர்ஸ் அண்ட் அல்லைஸ் (2011) இரண்டே ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. அதை ரசிகர்கள் சிலர் ‘ரெய்ஸ் தி எம்பயர்ஸ்’ என்ற பெயரில் மீட்டுள்ளனர். அவர்களின் முறை, சிதைந்த கல்வெட்டைப் படிப்பவரின் முறைக்கு நெருக்கமானது. விளையாட்டின் முன்பகுதிக் கோப்புகள் எஞ்சியுள்ளன. வழங்கியின் நிரலோ எவர் கையிலும் இல்லை. எனவே முன்பகுதி எதைக் கேட்கிறது, எந்த வடிவில் விடையை எதிர்பார்க்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அவ்விடையைத் தரும் புதிய வழங்கியைப் பைத்தான் மொழியில் எழுதினர். இங்கே எமுலேட்டர் என்பது படியெடுத்தல் அன்று. வினாக்கள் மட்டும் எஞ்சிய ஓர் உரையாடலுக்கு விடைகளை ஊகித்து எழுதுவது அது. ஊகம் தவறினால் கட்டிய கட்டடம் திரையில் எழாது. நம் பதிப்பாசிரியர் பலருக்கு இத்தகைய உடனடித் தண்டனை வாய்த்ததில்லை!

எல்லா விளையாட்டும் இப்படி மாளவில்லை. கவுண்டர் ஸ்ட்ரைக் 1999இல் ஹாஃப் லைஃப் விளையாட்டின் மீது ரசிகர்கள் செய்த ஒரு மாற்றமாகவே, ‘மாட்’ ஆகவே, பிறந்தது. அதன் வழங்கி நிரல் தொடக்கத்திலிருந்தே விளையாடுபவர் கையில் இருந்தது. வான் எனப்பட்ட அதன் இணைய வலையமைப்பு 2004இல் மூடப்பட்டபோதும், நம் நகரங்களின் பிரவுசிங் சென்டர்களில் ஐந்தாறு கணினிகளை ஒரு கம்பியால் இணைத்து ஆடியவர்களுக்கு அச்செய்தி எட்டியிருக்கவே வேண்டியதில்லை. வழங்கி யாரிடம் இருக்கிறது என்பதே ஆயுளைத் தீர்மானித்தது.

சட்டம் இம்முயற்சிகளை ஒரே கண்ணால் பார்த்ததில்லை. பிளிசார்ட் நிறுவனத்தின் பேட்டில்நெட் சேவைக்கு மாற்றாக ஆர்வலர்கள் 1998இல் தொடங்கிய பிநெட்டி வழங்கியை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் சட்டமீறல் என்றது. மறுபுறம், 2012 நவம்பரில் மூடப்பட்ட சிட்டி ஆஃப் ஹீரோஸ் விளையாட்டைச் சிலர் பல ஆண்டுகள் மறைவாக இயக்கிவந்தது 2019இல் வெளிப்பட்டது. பிற ரசிகர்கள் கொதித்தனர். நிரல் பொதுவெளிக்கு வந்தது. 2024 ஜனவரியில் உரிமையாளரான என்சிசாஃப்ட் நிறுவனமே ஹோம்கமிங் என்ற ரசிகர் குழுவுக்கு முறையான உரிமம் வழங்கியது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957), 52ஆம் பிரிவில், தனித்து உருவாக்கிய ஒரு நிரல் பிற நிரல்களோடு இயைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறும் செயல்களை, அத்தகவல் வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, அனுமதிக்கிறது. 1999இல் சேர்ந்த இவ்விலக்கு மீட்பாளருக்கு உகந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. சிக்கல் ஒரு சொற்றொடரில் இருக்கிறது: நிரலை ‘சட்டப்படி வைத்திருப்பவர்’. காசு கொடுத்து வட்டு வாங்கியவர் அவர் என்பதில் ஐயமில்லை. இலவச விளையாட்டொன்றின் கோப்புகள் தம் உலாவியின் தற்காலிக நினைவகத்தில் தங்கிப்போனவர்? 2012இல் சேர்ந்த 65அ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்போர்க்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. நோக்கத்தைக் குற்றத்தின் கூறாக்கியதால் அமெரிக்கச் சட்டத்தைவிட இது மென்மையானது. ஆனால் அந்த மென்மையை நம்பி ஒரு மாணவர் ஆய்வேட்டைத் தொடங்குவாரா என்பது வேறு.

நூல் வழங்கல் சட்டம் (1954) இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் சேர்ப்பிக்கச் சொல்கிறது. 1956இல் செய்தித்தாள்களும் சேர்ந்தன. மென்பொருள் அதில் இல்லை. எனவே 2010களின் பெங்களூரில் ஆயிரக்கணக்கானோர் செய்த உழைப்பில் ஒரு பகுதிக்கு, அது எந்த நாட்டுத் திரைக்காகச் செய்யப்பட்டதாயினும், சான்று என்று நாளை நாம் காட்டக்கூடியது அந்த ரசிகர்களின் நிரல்களையே.

அச்சான்றிலும் ஒரு குறையுண்டு. மீட்கப்பட்ட எம்பயர்ஸ் அண்ட் அல்லைஸைத் திறந்தால் கட்டடங்கள் எழுகின்றன, படைகள் நகர்கின்றன. ஆனால் அது விளையாடுபவரின் சொந்தக் கணினியில் தனியே இயங்குகிறது. முகநூல் நண்பர்கள் ஒருவர் நாட்டுக்குள் மற்றவர் சென்று உதவியதும் தாக்கியதுமே அவ்விளையாட்டின் உயிர். அவர்கள் அங்கு இல்லை.