திருவொற்றியூரில் பிறந்த ‘செல்ஃப்’ ஸ்கூட்டர்

இன்பிளாண்ட் டிரெயினிங்குக்கு ஒரகடம் பக்கம் வரும் நம் கல்லூரித் தம்பிகள், வல்லம் வடகால் யமஹா தொழிற்சாலையில் தயாராகும் ஸ்கூட்டர்களைப் பற்றி ஆச்சரியமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பட்டனைத் தொட்டால் போதும், ‘கிர்ர்’ என்ற பல்சக்கர இரைச்சலே இல்லாமல் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. கிராங்க் ஷாஃப்டோடு இணைந்த ஒரே மின்பொறி முதலில் மோட்டாராகச் சுழற்றிவிட்டு, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஜெனரேட்டராகி பேட்டரியை சார்ஜ் செய்கிறது. “லேட்டஸ்ட் டெக்னாலஜி சார்!” என்பார்கள்.

லேட்டஸ்ட்தான். ஆனால் இந்த யோசனை 1960களிலேயே நம்ம திருவொற்றியூரில் சக்கரம் கட்டி ஓடியது.

என்ஃபீல்டு என்றால் எல்லோருக்கும் புல்லட்தான் ஞாபகம். மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் அது ஒரு ஸ்கூட்டரும் செய்தது. பேரே ஒரு தினுசு: ஃபேன்டபுலஸ்! 175 சிசி வகை வில்லியர்ஸ் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். அதில் ஜெர்மனியின் சிபா வகை ‘டைனாஸ்டார்ட்’. மற்ற ஸ்கூட்டர்காரர்கள் வண்டியைச் சாய்த்து வைத்துக் கிக்கரை உதைத்துக்கொண்டிருந்த காலத்தில் இதற்கு செல்ஃப் ஸ்டார்ட்.

டூ-ஸ்ட்ரோக்கில் வால்வு, கேம் எதுவும் இல்லை. பிஸ்டனே ஏறி இறங்கி போர்ட்களைத் திறந்து மூடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பவர் ஸ்ட்ரோக் என்பதால் சின்ன எஞ்சினிலும் இழுவை நன்றாக இருக்கும். இன்னொரு வேடிக்கை, இந்த எஞ்சின் எதிர்த்திசையிலும் ஓடும். மெஸ்ஸர்ஷ்மிட் கேஆர்200 என்ற மூன்று சக்கர வண்டி டைனாஸ்டார்ட்டால் எஞ்சினையே திருப்பிச் சுற்றவிட்டுத்தான் ரிவர்ஸ் போனது!

பிறகு ஏன் ஃபேன்டபுலஸ் நிலைக்கவில்லை? என் கணிப்பைச் சொல்கிறேன். வெஸ்பா வகை வண்டியில் எஞ்சின் பின்சக்கரத்தை ஒட்டியே இருக்கும்; பல்சக்கரம் நேராகச் சக்கரத்தைச் சுற்றும், செயின் தொல்லை இல்லை. வில்லியர்ஸோ மோட்டார்சைக்கிள் ஜாதி எஞ்சின். போதாக்குறைக்கு டைனாஸ்டார்ட்டும் அதற்கேற்ற பேட்டரியும் எடையைக் கூட்டின. டைனாஸ்டார்ட்டில் கார்பன் பிரஷ் தேயும், ரிலே காண்டாக்ட் கருகும். இன்றைய பொறியில் பிரஷ்ஷே இல்லை. அந்த வேலையை எலக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்கிறது. யோசனை அன்றே வந்துவிட்டது, அதற்கு வேண்டிய செமிகண்டக்டர்தான் வந்து சேரவில்லை.

டூ-ஸ்ட்ரோக்கையே கடைசியில் சாய்த்தது புகை. எரிந்த வாயு வெளியேறும்போது புதுக் கலவையில் நாலில் ஒரு பங்கு வரைகூட எரியாமலே கூடப் போய்விடும். கலந்த ஆயில் வேறு. 1991-ல் தொடங்கிய மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 1996, 2000 என்று இறுக இறுக, ஃபோர்-ஸ்ட்ரோக் இடத்தைப் பிடித்தது. சேட்டக்கும் அந்தப் பக்கம் சாய்ந்தது.

2013-ல் ராயல் என்ஃபீல்டு ஒரகடத்தில் புதுத் தொழிற்சாலை திறந்தது. 2015-ல் யமஹா வல்லம் வடகாலுக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவே தினமும் ஷிப்ட் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு ஃபேன்டபுலஸ் தெரியும்?

ரீயூனியனுக்கு வரும்போது லேபில் உள்ள டூ-ஸ்ட்ரோக் கட்-செக்‌ஷன் மாடலைக் கையால் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் போர்ட்டும் எக்ஸாஸ்ட் போர்ட்டும் அதே வரிசையில்தான் திறந்து மூடும்.