காடும் கூண்டும்: சிங்கப்பூரின் வனவிலங்குப் பாதுகாப்பில் வணிகத்தின் இடம்

சிங்கப்பூரின் இயற்கை வரலாறு பெரும்பாலும் காடழிந்த வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1819-இல் ஆங்கிலேயர் வந்த பின், முதலில் தோல் பதனிடப் பயன்படும் கம்பீர்ச் செடி, மிளகுத் தோட்டங்களுக்காகவும் பின்னர் நகரத்துக்காகவும் தீவின் காட்டில் 95 விழுக்காட்டுக்கு மேல் அழிக்கப்பட்டது. கடைசிப் புலி 1930-இல் சுவா சூ காங் பகுதியில் சுடப்பட்டது. பாரி புரூக், நவ்ஜோத் சோதி, பீட்டர் இங் ஆகியோர் 2003-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, காடிழப்பு உயிரினங்களின் பேரழிவாக முடிந்ததைக் காட்டியது. பின்னர் 2023-இல் வந்த மறுகணக்கீடு, இரு நூற்றாண்டுகளில் சுமார் 37 விழுக்காட்டு இனங்கள் அற்றுப்போனதாக மதிப்பிட்டது. இந்த விளக்கம் சரியானதே. ஆனால் இது மட்டும் போதாது என்பதற்கு ஒரு பறவை சான்றாகிறது.

சின்னான் குடும்பத்தைச் சேர்ந்த அப்பறவையின் தலை வைக்கோல் நிறம். அதன் கேடு அதன் குரலிலேயே இருக்கிறது. பாட்டுக்காகப் பிடித்துக் கூண்டில் அடைத்ததால் தாய்லாந்திலும் ஜாவாவிலும் காட்டில் அப்பறவையே இல்லாமற் போயிற்று. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018-இல் அதை மிக அருகிய இனமாக வகைப்படுத்தியது. பெருங்காடுகள் எஞ்சியுள்ள சுமத்ராவில்கூட அரிதாகிவிட்ட இப்பறவை, காடே ஏறக்குறைய இல்லாத சிங்கப்பூரில் நிலைத்திருக்கிறது. புலாவ் உபின் தீவின் கைவிடப்பட்ட ரப்பர்த் தோட்டங்களிலும் புதர்க்காடுகளிலும் அதன் பாட்டை இன்றும் கேட்கலாம். அந்தக் காடு முதிர்ந்த காடன்று. அங்கே கண்ணி வைப்போர் குறைவு என்பதே முதன்மைக் காரணம் எனக் கொள்ள வேண்டும். 2022-இல் பனாமாவில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு, சிங்கப்பூரும் சேர்ந்து முன்மொழிந்தபடி, இப்பறவையைப் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்ட முதல் பட்டியலில் சேர்த்தது.

உயிரைக் காப்பதும் குலைப்பதும் சந்தை என்றால், துறைமுக நகரத்தின் பொறுப்பு அதன் காட்டின் பரப்பைவிடப் பெரிது. 2019 ஏப்ரலில் சிங்கப்பூரில் ஒரே வாரத்துக்குள் பிடிபட்ட இரு சரக்குகளில் 25 டன்னுக்கு மேல் எறும்புத்தின்னிச் செதில்கள் இருந்தன. அதே ஆண்டு ஜூலையில் மேலும் 11.9 டன் செதில்களும் 8.8 டன் யானைத் தந்தமும் சிக்கின. அந்தத் தந்தம் ஏறத்தாழ 300 ஆப்பிரிக்க யானைகளுடையது என மதிப்பிடப்பட்டது. சரக்குகள் ஆப்பிரிக்காவிலிருந்து வியட்நாமுக்குச் செல்லவிருந்தவை, சிங்கப்பூர் வழித்தடம் மட்டுமே. ஆனால் வழித்தடம் இல்லாமல் இவ்வணிகம் இயங்காது. 2021 செப்டம்பர் முதல் தந்த விற்பனை நாட்டுக்குள்ளேயே தடைசெய்யப்பட்டது. 2022-இல் சாங்கி விமான நிலையத்தில் 34.7 கிலோ காண்டாமிருகக் கொம்பு பிடிபட்ட வழக்கில் கடத்தியவருக்கு 24 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

தமிழர் வாழும் நிலத்துக்கும் இவ்வணிகத்தில் நேரடித் தொடர்புண்டு. தென்னிந்தியப் புதர்க்காடுகளிலும் இலங்கையிலும் வாழும் நட்சத்திர ஆமை, செல்லப்பிராணிக்கான ஆசையால் கிழக்காசியாவுக்குக் கடத்தப்படுகிறது. சென்னை விமான நிலையத்தில் பயணப்பெட்டிகளிலிருந்து இவ்வாமைகள் பலமுறை மீட்கப்பட்டுள்ளன. சிங்கப்பூரில் மீட்கப்பட்டு ஏக்கர்ஸ் என்னும் விலங்குநல அமைப்பின் பராமரிப்பில் இருந்த 51 ஆமைகள் 2018-இல் கர்நாடகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. மறு ஆண்டே இவ்வினமும் சைட்டிஸின் முதல் பட்டியலில் ஏறியது. மீட்ட ஆமையின் பிறப்பிடத்தைக் கண்டறிவது, நோயைச் சோதிப்பது, இரு அரசுகளின் அனுமதியைப் பெறுவது என மீட்புப் பணி நீளும். பிடித்து விற்பவனுக்கோ ஒரு சாக்குப்பை போதும். ஆகவே சோதனைச் சாவடியில் செலவிடும் முயற்சியோடு, வீட்டில் வளர்க்க விலைகொடுத்து வாங்குவோரின் மீதும் சட்டம் அதே கடுமையுடன் பாய வேண்டும்.